தேருக்குக் கூடுகிறார்கள், நிலத்துக்கு ஏன் கூடுவதில்லை?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்றால் தோட்டத்துத் தமிழர் எல்லாருக்கும் தெரியும். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊர். முன்பு ஈயமும் ரப்பரும், அப்புறம் செம்பனை, இப்போது சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம். கடைத்தெருவை விட்டு வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் தோட்டம் வந்துவிடும். தோட்டம் என்று ஒன்று இருந்தால் அங்கே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு பந்துத் திடல், ஒதுக்குப்புறமாக ஒரு சுடுகாடு. பேராக்கில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியும், கெடாவில் கூலிமைச் சுற்றியும், ஜொகூரில் லாபிஸைச் சுற்றியும் இதே அமைப்புதான்.

இந்த மாதிரி ஊர்களில் ஒரு தகராறு ‘இன மோதல்’ என்ற பெயரில் பத்திரிகைக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே, வேறு பெயரில் ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் இருந்திருக்கும். நிலக் கைமாற்றம், நிலப் பயன்பாட்டு மாற்றம், மேம்பாட்டு அனுமதி, வெளியேற்ற உத்தரவு என்று அதற்குப் பல பெயர்கள். கோப்பைப் பார்த்த அதிகாரிக்கு அந்த நிலத்தில் ஒரு கோயில் இருப்பது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் அதைக் கவனிப்பது அவருடைய வேலையாக இருந்திருக்காது. கோயில் தலைவருக்கோ அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது.

அரசுத் துறைகள் ஒத்துழைத்தால் சமூக மோதலைத் தடுக்கலாம் என்று எல்லாக் கூட்டங்களிலும் பேசுகிறார்கள். சரி, எதில் ஒத்துழைப்பது, எப்போது ஒத்துழைப்பது? தோட்டப்புற நகரத்தில் இருந்துகொண்டு பார்த்தால் இதற்கான பதில் ரொம்பத் தெளிவாகவே தெரிகிறது.

மேனேஜரே அரசாங்கமாக இருந்த காலம்

பழைய தோட்டத்தில் மேனேஜர்தான் எல்லாம். வீடு கம்பெனி கொடுத்தது. தண்ணீர், விளக்கு, ஆயாக் கொட்டகை, தோட்டத்து மருந்தகம், எல்லாமே கம்பெனி. கோயில் கட்ட வேண்டுமென்றால் கங்காணியோ மண்டோரோ போய்க் கேட்பார்கள். துரை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டுவார். மாதா மாதம் சம்பளத்தில் கோயில் காசு பிடித்துக் கட்டிடம் எழும்பும். சில தோட்டங்களில் அனுமதி என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். பல தோட்டங்களில் அதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். நிலப்பட்டா கம்பெனி பெயரிலேயே இருந்தது. அதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்மரம் இருக்கும்வரை தோட்டம் இருக்கும், தோட்டம் இருக்கும்வரை கோயில் இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அரசாங்கமும் தோட்டத்தைத் தனியார் இடமாகவே பார்த்தது. உள்ளாட்சி மன்றத்தின் குப்பை லாரி உள்ளே வராது. சாலைக்குத் தார் போடுவதும் சாக்கடை வெட்டுவதும் கம்பெனியின் பாடு. தொழிலாளர் குடியிருப்பின் தரத்துக்கு மட்டும் தனிச் சட்டம் இருந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1990-இல் வந்த 446-ஆவது சட்டம், அதை அமல்படுத்துவது மனிதவள அமைச்சின் கீழ் உள்ள தொழிலாளர் இலாகா. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நகராண்மைக் கழகம் என்றால் என்ன, நில அலுவலகத்தில் எந்த முகப்பில் என்ன கேட்பது என்று தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம். படிப்பறிவு இல்லாததால் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமான பேச்சு இல்லை. அரசாங்கத்தோடு பழகுவதற்கு அவர்களுக்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

அப்படிப்பட்ட தோட்டம் ஒருநாள் கைமாறுகிறது. 1980-களிலும் 90-களிலும் நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, புது நகரம் என்று தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. மேனேஜர் ஒருவர் கையில் இருந்ததெல்லாம் அன்றைக்குத் திசைக்கு ஒன்றாகப் பிரிந்துவிடும். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் உள்ளாட்சியும் மாநில அரசாங்கத்தின் கையில். போலீஸ், கல்வி, தொழிலாளர் விவகாரம் மூன்றும் கூட்டரசின் கையில். ஆகவே நிலக் கோப்பு மாவட்ட நில அலுவலகத்துக்குப் போகும், மேம்பாட்டு வரைபடம் நகராண்மைக் கழகத்துக்குப் போகும், பள்ளிக்கூடம் கல்வி இலாகாவுக்கு, வேலை இழந்தவர்களின் இழப்பீடு தொழிலாளர் இலாகாவுக்கு. கோயிலும் சுடுகாடும் மட்டும் யாருடைய மேசைக்கும் போய்ச் சேராது.

அதன் விளைவை நில அலுவலக முகப்பில் பார்க்கலாம். ஆலயத் தலைவர் ஒரு பிளாஸ்டிக் கோப்புறையோடு வந்திருப்பார். உள்ளே பழுப்பேறிய ஒரு தட்டச்சுக் கடிதம், கம்பெனி முத்திரையோடு. கும்பாபிஷேக மலர் ஒன்று, பழைய தண்ணீர்க் கட்டண ரசீது, சங்கப் பதிவிலாகாவின் பத்திரம். முகப்பில் இருக்கும் இளம் மலாய் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்பார், “பாக்சிக், கெரான் அடா?” நிலப்பட்டா இருக்கிறதா என்பது கேள்வி. தலைவர் கடிதத்தை எடுத்து நீட்டுவார். அதிகாரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, இந்த நிலத்தின் உரிமையாளர் இப்போது வேறு நிறுவனம், அவர்களிடம்தான் நீங்கள் பேச வேண்டும் என்பார். சட்டப்படி அவர் சொல்வது சரி. நிறுவனத்திடம் போனால், மாநில அரசாங்கம் மாற்று நிலம் கொடுத்தால் நாங்கள் தயார் என்பார்கள். அதுவும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். நகராண்மைக் கழகத்தில் கேட்டால், வரைபடத்தில் கோயிலே இல்லையே என்பார்கள். பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் மனிதர் காலையில் எப்படி வந்தாரோ அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போவார்.

நிலத் தகராறு இனத் தகராறாவது எப்படி

2018 நவம்பர் 26-ஆம் தேதி விடியற்காலை, சுபாங் ஜெயா யூ.எஸ்.ஜே. 25-இல் உள்ள சீபீல்டு மகா மாரியம்மன் ஆலயத்துக்குள் ஒரு கும்பல் நுழைந்தது. அது சீபீல்டு தோட்டத்துக் கோயில். தோட்டம் போய் நகரம் வந்த பிறகும் அதே இடத்தில் நின்றது. அடுத்த இரவு வாகனங்கள் எரிந்தன. தீயை அணைக்க வந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் படுகாயமடைந்து டிசம்பர் 17-ஆம் தேதி இறந்துபோனார். தன் கடமையைச் செய்ய வந்த ஓர் இளைஞரின் உயிர் போனது. அந்தக் குடும்பத்தின் துக்கத்துக்கு முன்னால் எந்த விளக்கமும் சின்னதுதான். அதனால்தான் அது எப்படி அங்கே போய் முடிந்தது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோயிலை வேறு இடத்துக்கு மாற்றுவதென்று ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் சம்மதத் தீர்ப்பு பதிவானது 2014-இல். கலவரம் நடந்தது 2018-இல். நடுவில் நான்கு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. நிர்வாகத்தை உரிமை கொண்டாடிய தரப்புகளுக்குள் ஒற்றுமை இல்லை. இடம் மாறக்கூடாது என்ற பக்தர்களின் எதிர்ப்பு ஒரு பக்கம், நீதிமன்ற உத்தரவு ஒரு பக்கம், நில உரிமையாளரின் அவசரம் இன்னொரு பக்கம். இதெல்லாம் ரகசியமாக நடக்கவில்லை, பத்திரிகையிலேயே வந்துகொண்டிருந்தது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த முஹிதின் யாசின், இது இன மோதல் இல்லை, கோயில் இடமாற்றம் சம்பந்தப்பட்ட விவகாரம் என்று விளக்கினார். விளக்கம் வருவதற்குள் கைப்பேசிகளில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. நுழைந்தவர்கள் ஓர் இனம், உள்ளே இருந்தவர்கள் ஓர் இனம், ஆகவே இது இனச் சண்டை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

2009-இல் ஷா ஆலம் செக்‌ஷன் 19-இல் இருந்த பழைய கோயிலை செக்‌ஷன் 23-க்கு மாற்ற மாநில அரசாங்கம் எடுத்த முடிவும் இப்படித்தான் திசை மாறியது. புது இடத்தில் குடியிருந்தவர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். ஆகஸ்டு 28-ஆம் தேதி மாட்டுத் தலையோடு ஊர்வலம் வந்தார்கள். அது இந்துக்களை எவ்வளவு காயப்படுத்தியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான், செப்டம்பரில், குடியிருப்பாளர்களை அழைத்து ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அது கூச்சலில் முடிந்தது. முதலில் நடக்க வேண்டிய பேச்சு கடைசியில் நடந்தால் வேறு எப்படி முடியும்?

பினாங்கு கம்போங் ராவாவில் 1998 மார்ச்சில் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததை வைத்துத் தகராறு எழுந்தது. பெட்டாலிங் ஜெயா கம்போங் மேடானில் 2001 மார்ச்சில் நடந்த வன்செயலில் 6 பேர் இறந்தார்கள். கம்போங் மேடானில் கோயில் நிலப் பிரச்சினை இல்லை. அங்கே இருந்தது வேறு: தோட்டங்களை விட்டு வந்தவர்களும் மற்ற ஏழைகளும் நெருக்கியடித்து வாழ்ந்த புறம்போக்குக் குடியிருப்புகள், மலிவுவிலை அடுக்குமாடிகள், விளையாட இடம் இல்லை, வேலை இல்லை. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒரு கல்யாணமும் ஒரு சாவும் சேர்ந்து வந்ததில் தொடங்கிய உரசல் அது என்று அப்போது செய்தி வந்தது. தோட்டத்தைக் காலி செய்த மக்களை எங்கே குடியமர்த்துவது, அங்கே என்ன வசதி செய்வது என்று திட்டமிட வேண்டிய அலுவலகங்கள் தனித்தனியாக வேலை பார்த்ததன் பலன், பல வருடம் கழித்து, பல மைல் தள்ளி, இன்னோர் ஊரில் வெடித்தது.

தேர்த் திருவிழாவில் மட்டும் எப்படி முடிகிறது?

இதே அலுவலகங்கள், இதே அதிகாரிகள், வருடத்துக்கு ஒருமுறை அழகாக ஒத்துழைக்கிறார்கள். தோட்டப்புற நகரத்தில் திருவிழாவுக்கு முந்தைய ஏற்பாட்டுக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

தேர் தோட்டத்துக் கோயிலில் இருந்து புறப்பட்டுக் கடைத்தெருவைச் சுற்றி வர வேண்டும். எந்தச் சாலை, எத்தனை மணிக்கு என்பதைப் போலீஸ் நிலையத்தில் பேசுவார்கள். பெரிய சாலை பொதுப்பணித் துறையின் பொறுப்பு என்றால் அவர்களுக்கும் கடிதம் போகும். தேரின் உயரம் எவ்வளவு என்று மின்சார வாரியத்து ஆள் கேட்பார். கலசத்தோடு சேர்த்தா சேர்க்காமலா என்று மறுபடியும் கேட்பார், ஏனென்றால் சாலையைக் கடக்கும் கம்பி தாழ்வாக இருக்கும் இடங்கள் அவருக்குத் தெரியும். தண்ணீர்ப் பந்தல் குப்பையை யார் அள்ளுவது என்று நகராண்மைக் கழகத்து ஆள் எழுதிக்கொள்வார். வழியில் சூராவ், அதாவது சிறிய தொழுகைக் கூடம், இருந்தால், மக்ரிப் தொழுகை நேரத்தில் தேர் அதைக் கடக்காதபடி கணக்குப் போடுவார்கள். நேரம் தப்பினாலும் சூராவ் முன்னால் உறுமி மேளத்தை நிறுத்திவிட்டு நடப்பதென்று முன்கூட்டியே பேசிவைப்பார்கள். அன்றைக்கு வண்டி நிறுத்துவதற்கு சூராவ் நிர்வாகமே திடலைத் திறந்துவிடுகிற ஊர்களும் உண்டு. இளைஞர் கூட்டத்துக்குள் அடிதடி வராமல் பார்த்துக்கொள்ள யார் யாரிடம் பேச வேண்டும் என்பதும் இந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். எந்தப் பையன்கள் எந்தக் குழு என்பதெல்லாம் ஆலயப் பொருளாளருக்குத் தெரியும், போலீஸ்காரருக்குத் தெரியாது.

இத்தனை பேர் ஒரு மேசையில் உட்காருவதற்குக் காரணம் என்ன? திருவிழாவுக்குத் தேதி இருக்கிறது. அது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்தத் தேதிக்குள் முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

நில விவகாரத்துக்கும் தேதிகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். என்னைக் கேட்டால், துறைகளின் ஒத்துழைப்பு என்று இவ்வளவு காலமாகப் பேசுவதன் சாரமே இந்தத் தேதிகளைப் பகிர்ந்துகொள்வதில்தான் இருக்கிறது.

எந்தத் தேதிகள்?

தோட்டம் சத்தமில்லாமல் கைமாறிவிட முடியாது. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி, 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற அந்தந்த மாநிலத்தின் தோட்ட நில வாரியம் ஒப்புதல் தர வேண்டும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதால் தொழிலாளர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. அந்த வாரியத்துக்கு விண்ணப்பம் வருகிற நாள்தான் முதல் தேதி. அன்றைக்கே, இந்த நிலத்தில் கோயில் உண்டா, பள்ளி உண்டா, சுடுகாடு எங்கே, எத்தனை குடும்பம் குடியிருக்கிறது என்று கேட்டுவிடலாம். வாங்குகிறவருக்கும் அது நல்லது, பிற்பாடு வழக்கு மன்றத்துக்கு அலைய வேண்டாம்.

இரண்டாவது, நிலப் பயன்பாட்டை விவசாயத்தில் இருந்து வீடமைப்புக்கோ தொழிலுக்கோ மாற்றக் கேட்கிற நாள். மாநில அரசாங்கம் நிபந்தனை போடுவதற்கு இதைவிட நல்ல தருணம் கிடையாது. நிலத்தின் மதிப்பு பல மடங்கு கூடப்போகிறது, ஓர் ஏக்கரைக் கோயிலுக்கும் பள்ளிக்கும் பிரித்துக் கொடுப்பது அப்போது நிறுவனத்துக்குப் பெரிய பாரமாகத் தெரியாது. அப்படிப் பிரித்த நிலத்தைத் தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின் கீழ் பொது நோக்கத்துக்கான ஒதுக்கீடாக அரசாங்க ஏட்டில் பதிந்துவிடலாம். வாய் வாக்குறுதி அதிகாரி மாறினால் மறந்துபோகும், அமைச்சர் மாறினால் ரொம்ப சீக்கிரம் மறந்துபோகும். அரசாங்க ஏட்டில் ஏறியது அப்படி மறையாது.

மூன்றாவது, மேம்பாட்டு அனுமதிக்காக வரைபடம் நகராண்மைக் கழகத்துக்கு வருகிற நாள். நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976-இல் வந்தது. வட்டாரத் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வரைவை வைக்கிறார்கள், நகராண்மைக் கழகக் கட்டிடத்தில், மலாய் மொழியில், வண்ணம் தீட்டிய பெரிய தாளில். லயத்து வீட்டில் இருக்கும் பாட்டியோ, செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிறவரோ போய்ப் பார்ப்பார்களா? அந்த வரைபடத்தைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவந்து, இதோ இது உங்கள் லயம், இது புதிதாக வரும் சாலை என்று விரல் வைத்துக் காட்டினால் அரை நாள் வேலை.

நான்காவது, வெளியேற்ற உத்தரவுக்கான தேதி. பெரும்பாலும் போலீசுக்கும் தேசிய ஒருமைப்பாட்டு இலாகாவுக்கும் விஷயம் போவது இந்தக் கட்டத்தில்தான். மண்வாரி இயந்திரம் வருகிறது, பாதுகாப்புக்கு ஆள் வேண்டும் என்ற வடிவத்தில் போகும். முதல் மூன்று தேதிகளையும் விட்டுவிட்டு நான்காவதற்கு மட்டும் போலீசைக் கூப்பிட்டால், தடுப்பு வேலி போடுவதைத் தவிர அவர்களால் என்ன செய்ய முடியும்?

2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலைப் பக்கத்து தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் விவகாரம் நாட்டையே பரபரப்பாக்கியது. அந்த நிலத்தை மாநகர மன்றம் ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு விற்றது 2014-இல். பள்ளிவாசல் கட்டும் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டும் நாள் நெருங்கிய பிறகு அவசர அவசரமாகப் பேச்சு நடந்தது. பக்கத்திலேயே மாற்று இடம், இடமாற்றச் செலவை நிறுவனம் ஏற்பது என்று அமைதியாகவே முடிந்தது. நல்லது. ஆனால் அதே தீர்வை விற்பனைக் கையெழுத்துக்கு முன்பே எட்டியிருக்கலாம் இல்லையா? பதினொரு வருடம் கையில் இருந்தது.

மேசை ஏற்கெனவே இருக்கிறது

புதிதாக ஓர் அமைப்பு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு ஒற்றுமைக்கென்றே தனி இலாகா வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை போன்ற ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம்: 1972 முதல் 1974 வரை தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சராக இருந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப் பணம் சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய அதே சம்பந்தன். நிலமும் ஒற்றுமையும் வேறு வேறு விவகாரம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அவை இரண்டும் வேறு வேறு கட்டிடங்களில் இருக்கின்றன.

1975-இல் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் குழுத் திட்டம் தொடங்கியது. முதலில் இரவுக் காவல், பிறகு அக்கம்பக்க உறவு. 2012-இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. அதன் உறுப்பினர்களில் சிலருக்குச் சமூக நடுவர் பயிற்சியும் கொடுக்கிறார்கள், பக்கத்து வீட்டுச் சண்டையைப் போலீசுக்குப் போகாமல் பேசித் தீர்ப்பதற்கு. மாவட்ட அளவில் மாவட்ட அதிகாரி தலைமையில் பாதுகாப்புக் குழு இருக்கிறது, அதில் போலீசும் உட்காருகிறது. பல மாவட்டங்களில் நில அலுவலகத்துக்குத் தலைவரும் அதே மாவட்ட அதிகாரிதான். அதாவது நிலக் கோப்பைப் பார்க்கிறவரும், மாவட்டப் பாதுகாப்புக் கூட்டத்தை நடத்துகிறவரும் ஒரே ஆள். அவருடைய ஒரு கைக்குத் தெரிந்தது இன்னொரு கைக்குப் போக வேண்டும். பாதுகாப்புக் கூட்டத்தில் திருட்டு, போதைப்பொருள், குண்டர் கும்பல் பற்றிப் பேசும்போது, அடுத்த மூன்று வருடத்தில் இந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டம் கைமாறப்போகிறது, அதில் என்னென்ன கோயில், சூராவ், பள்ளி இருக்கின்றன என்று ஒரு பக்கம் சேர்த்தால் போதும்.

மக்கள் பக்கத்தில்தான் பெரிய ஓட்டை. 1965-இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அவற்றைப் பற்றி ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது ஆணையத்தின் பரிந்துரை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-இன் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு கவுன்சிலர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. நியமனக் கவுன்சிலர்களில் இரவு பகல் பாராமல் உழைக்கிறவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கட்சிக்காரர் என்பதால் வந்தவருக்கு எதிர்க்கட்சி ஆதரவாளர் நிறைந்த தோட்டத்துக்குள் போவதற்குத் தயக்கம் இருக்கும். ஆட்சி மாறினால் அவரும் மாறிவிடுவார், அவரோடு அந்தத் தோட்டத்தின் கதையும் போய்விடும். சிலாங்கூரில் இந்திய சமூகத் தலைவர்கள் என்று ஒரு நியமனம் இருக்கிறது. தோட்டப்புறத்தில் அது ரொம்பப் பயனுள்ள பதவி. அந்த மனிதரை மாவட்டக் கூட்டத்துக்கு வெறும் பார்வையாளராகக் கூப்பிடாமல், கோப்பு விவரம் கேட்கிற உரிமையோடு உட்கார வைத்தால் பாதி வதந்தி அங்கேயே அடங்கிவிடும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு தரப்பாகப் பிரிந்து நிற்கும் நிர்வாகத்தோடு எந்த அரசாங்கமும் ஒப்பந்தம் போட முடியாது. சீபீல்டில் நாம் கொடுத்த விலையில் அதற்கும் பங்கு இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தை ஒழுங்காக நடத்தி, பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்பி, இன்னார்தான் தலைவர் என்று காகிதத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது சாமி காரியம் மாதிரியே முக்கியம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை.

245 வீடுகள்

பத்தாங் பெர்ஜுந்தைக்கே திரும்பி வருவோம். மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்று ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். நிலம் கை மாறியது, ஆட்சிகள் மாறின, வீட்டு வாக்குறுதி மட்டும் அப்படியே இருந்தது. காத்திருந்தபடியே கண்ணை மூடியவர்களும் உண்டு. கடைசியில் 245 குடும்பங்களுக்கு வீடமைப்புத் திட்டம் கிடைத்தது. கூட்டரசு வீடமைப்பு அமைச்சு, சிலாங்கூர் மாநில அரசாங்கம், நில உரிமையாளரான நிறுவனம் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. அதுவரை ஆளுக்கு ஒரு பகுதி கையில் இருந்தது. நிலம் ஒருவரிடம், பணம் ஒருவரிடம், அனுமதி ஒருவரிடம்.

இந்த ஐந்து தோட்டத்து மக்கள் இத்தனை காலத்தில் மறியல் செய்தார்கள், மனு கொடுத்தார்கள், நாடாளுமன்றம் வரை போனார்கள். வன்முறையில் இறங்கவில்லை. அவர்களுடைய பொறுமையை அமைதி என்று எடுத்துக்கொண்டு அலுவலகங்கள் தள்ளிப்போட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. அமைதியாகக் கேட்கிறவர் கோப்பு அடியிலும், சாலையில் கூடுகிறவர் கோப்பு மேலேயும் இருக்கும் வழக்கம் தொடர்ந்தால், அடுத்த தலைமுறை எதைக் கற்றுக்கொள்ளும் என்பதை அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

இப்போது தோட்டத்தில் வேலை செய்வது பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் நேப்பாளிகளும். பழைய லயங்களில் அவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துத் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், பழைய தோட்டத்துக் குடும்பங்கள். கடைத்தெருவில், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், சம்பள நாள் இரவில் உரசல்கள் வருகின்றன. 446-ஆவது சட்டத்தின் திருத்தம் 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி முதலாளிகள் தொழிலாளர் தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவிடம் சான்றிதழ் பெற வேண்டும். எந்த லயத்தில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்ற அந்தக் கணக்கு நகராண்மைக் கழகத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் ருக்குன் தெத்தாங்காவுக்கும் போனால், தண்ணீர் போதுமா, குப்பை எடுக்கிறார்களா, சம்பள நாளில் கடைத்தெருவில் கூடுதல் ஆள் வேண்டுமா என்று முன்கூட்டியே பார்க்கலாம். அவர்களும் ஒரு காலத்தில் நம் பாட்டன் பூட்டன் இருந்த இடத்தில் இருக்கிறவர்கள், அதே மேனேஜர் தயவில்.

சுடுகாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த தகராறு அங்கிருந்துதான் வரும் என்று அஞ்சுகிறேன். கோயிலை மாற்று இடத்தில் கட்டிக் கும்பாபிஷேகம் செய்துவிடலாம். புதைத்தவர்களை அப்படி மாற்ற முடியாது. தோட்டத்துச் சுடுகாடுகளில் பலவற்றுக்கு வேலி இல்லை, பட்டா இல்லை, செம்பனை மரங்களுக்கு நடுவே நான்கைந்து சிமெண்டுக் கல்லறைகளும் நிறைய மண் மேடுகளும் மட்டும் தெரியும். இடுகாடுகளைக் கவனிக்கும் அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களுக்கு 1976-இன் உள்ளாட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. நில அலுவலகத்தின் அளவையாளர் ஒருவர், நகராண்மைக் கழகத்து ஆள் ஒருவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர், மூன்று பேரும் சேர்ந்து நடந்தால் எந்த எல்லைவரை புதைத்திருக்கிறார்கள் என்று குறித்துவிடலாம். அந்தப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது ஆகிறது அவர்களுக்கு.